புதிய ஊசி, பழைய ஐயம்

தடுப்பூசி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அதைப் போட்டுக்கொள்ளாமல் தள்ளிப்போடுவதும் மறுப்பதும் தடுப்பூசித் தயக்கம் எனப்படும். உலக சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு 2014இல் வகுத்த வரையறை இது. தயக்கத்தின் வேர்களை அக்குழு மூன்றாகக் கண்டது: ஊசியின் மீதும் அதைத் தருவோர் மீதும் நம்பிக்கை இல்லாமை, நோயைப் பொருட்படுத்தாத மெத்தனம், ஊசி போடும் இடத்துக்குப் போய்வருவதில் உள்ள சிரமம். 2019இல் அந்த நிறுவனம் வெளியிட்ட பத்து அச்சுறுத்தல்களின் பட்டியலில் தடுப்பூசித் தயக்கமும் ஃபுளூ பெருந்தொற்றும் தனித்தனியே இடம்பெற்றிருந்தன. ஓரிரு ஆண்டுகளில் இரண்டும் கைகோத்து வந்தன. ஃபுளூவின் இடத்தில் கொரோனா வந்தது மட்டுமே மாற்றம்.

குழந்தைகளுக்குப் போடும் வழக்கமான தடுப்பூசிகளுக்கு ஊரில் சாட்சி உண்டு. மூத்த பிள்ளைக்குப் போட்டதை இளையதற்கும் போடுகிறார்கள். ஊசி போட்ட இரவு காய்ச்சல் அடிக்கும், மறுநாள் தணிந்துவிடும் என்பது பாட்டிக்கும் தெரியும். பெருந்தொற்றுக் காலத்துப் புதிய தடுப்பூசிக்கு இந்தச் சாட்சி கிடையாது. அதைப் போட்டுப் பத்தாண்டு வாழ்ந்தவர் எவரும் இல்லை. போட்டுக்கொள்ளச் சொல்லப்படுபவரோ நோயாளி அல்லர். திடமாக நடமாடும் பெரியவர். அரசு அவசரப்படுத்துகிறது, தொலைக்காட்சி நாள்தோறும் இறந்தோர் எண்ணிக்கையை வாசிக்கிறது. வழக்கமான தயக்கத்துக்குச் சொல்லும் விளக்கங்கள் இங்கே பாதி தூரம்தான் வரும்.

முதலில் தயங்குவோரையும் எதிர்ப்போரையும் பிரித்தறிய வேண்டும். எந்தத் தடுப்பூசியையும் எந்நாளும் ஏற்காத கொள்கை எதிர்ப்பாளர்கள் எல்லா நாட்டிலும் சிறு தொகையினரே. மற்றவர்கள் பெரும்பாலும் காத்திருப்பவர்கள்: பக்கத்து வீட்டுக்காரர் போட்டு ஒரு மாதம் ஆகட்டும், பார்க்கலாம் என்பவர்கள். 2021இல் தமிழ்நாட்டில் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது மையங்களில் கூட்டம் இல்லை; மருத்துவர்களும் செவிலியர்களுமே தயங்கினார்கள். ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான கணக்கில் நாட்டிலேயே அதிகமாக, ஏறத்தாழ 12 விழுக்காடு, தடுப்பூசி வீணானது தமிழ்நாட்டில்தான். மே மாதம் இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது. ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றன. ரெம்டெசிவிர் மருந்து வாங்கச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மக்கள் காத்துக் கிடந்தார்கள். ஜூனில் தடுப்பூசி மையங்களில் விடியும் முன்பே டோக்கனுக்கு வரிசை, பல நாள் ‘இருப்பு இல்லை’ என்ற பலகை. இடைப்பட்ட சில மாதங்களில் மக்களின் அறிவியல் அறிவு கூடிவிடவில்லை. நோயின் அச்சம் ஊசியின் அச்சத்தை முந்தியது, அவ்வளவே.

வேகமே முதல் ஐயம்

கொரோனாவுக்கு முன், ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்கு மிக விரைவில் வந்த தடுப்பூசி என்று பொன்னுக்குவீங்கிக்கானதைச் சொல்வார்கள். 1960களில் அதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று பிரிட்டன் ஃபைசர் தடுப்பூசிக்கு அனுமதி அளித்தது. பத்தாண்டு வேலையைப் பதினோரு மாதத்தில் முடித்தார்கள் என்றால் எதையோ விட்டிருப்பார்கள் என்று சாதாரண மனிதர் நினைப்பது இயல்பு. கட்டடம் சீக்கிரம் எழுந்தால் சிமெண்டைச் சந்தேகிக்கும் ஊர் இது.

உண்மையில் சுருங்கியது பெரும்பாலும் காத்திருப்பு நேரம். வழக்கமாக ஒரு கட்டச் சோதனை முடிந்து, முடிவு அலசப்பட்டு, பணம் திரட்டப்பட்ட பிறகே அடுத்த கட்டம் தொடங்கும். வெற்றி உறுதியான பிறகே ஆலை கட்டுவார்கள். 2020இல் அரசுகள் முன்பணம் கொடுத்ததால் சோதனை நடக்கும்போதே உற்பத்தியும் தொடங்கியது. தோற்றிருந்தால் அத்தனையும் குப்பைக்குப் போயிருக்கும். ஊரெங்கும் நோய் பரவியிருந்ததால் சோதனையில் சேர்ந்த பல்லாயிரம் பேரில் போதிய அளவு நோயாளிகள் சில மாதங்களிலேயே கிடைத்துவிட்டார்கள். நோய் அரிதாக இருக்கும் காலத்தில் இதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். ஃபைசர் தடுப்பூசியின் அடிப்படையான எம்.ஆர்.என்.ஏ. முறையும் திடீரென முளைத்ததில்லை. கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் அதன் அடிப்படைச் சிக்கலை அவிழ்த்த ஆய்வுக் கட்டுரை 2005இல் வெளியானது. 2023இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் தயங்கியவர்களின் கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. நீண்ட கால விளைவு பற்றிய தரவு அப்போது இல்லை, இருக்கவும் முடியாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அவசர அனுமதிக்குக் கேட்டது, பங்கேற்றோரில் பாதிப் பேரையாவது இரண்டு மாதம் கண்காணித்த தரவைத்தான். தடுப்பூசியின் தீய விளைவுகள் பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களுக்குள் தலைகாட்டிவிடும் என்ற பழைய அனுபவம் இதற்கு அடிப்படை. இந்தக் காரணத்தை மக்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்று ஒலிபெருக்கியில் சொன்னவர்களே அதிகம்.

வேகத்தைப் பெருமையாக்கிய அரசுகள் இந்த ஐயத்துக்கு உரமிட்டன. அமெரிக்கா தன் திட்டத்துக்கு ‘ஆப்பரேஷன் வார்ப் ஸ்பீடு’ என்று அறிவியல் புனைகதையிலிருந்து பெயர் எடுத்து வைத்தது. இந்தியாவில் 2020 ஜூலை தொடக்கத்தில், உள்நாட்டுத் தடுப்பூசியான கோவாக்சினை ஆகஸ்ட் 15க்குள் மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதியது. மனிதர்கள் மீதான முதற்கட்டச் சோதனையே அப்போது தொடங்கியிருக்கவில்லை. விஞ்ஞானிகள் கண்டித்ததும் அந்தத் தேதி கைவிடப்பட்டது. ஆனால் சுதந்திர தினத்தைக் குறிவைத்த ஊசி என்ற எண்ணம் மனதில் தங்கிவிட்டது. 2021 ஜனவரி 3 அன்று, மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவு வரும் முன்பே, ‘மருத்துவச் சோதனை முறையில்’ என்ற நிபந்தனையோடு கோவாக்சினுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் முதல் வாரங்களில் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. செயல்திறன் இன்னும் நிறுவப்படவில்லை என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசியின் இந்திய வடிவமான கோவிஷீல்டுக்கு இந்தப் படிவம் கிடையாது. எதைப் போட்டுக்கொள்வது என்று தேர்வு செய்யும் உரிமையும் அப்போது இல்லை. டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் தங்களுக்குக் கோவிஷீல்டே வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் வந்த மூன்றாம் கட்ட முடிவு 77.8 விழுக்காடு செயல்திறனைக் காட்டியது. ஊசி மோசமானதாக இருக்கவில்லை. முடிவை முந்திக்கொண்டு வந்த அனுமதிதான் ஐயத்தை விதைத்தது.

அரிய தீங்கின் கணக்கு

பெருந்தொற்று அச்சத்தில் அவசரமாகப் போடப்பட்ட ஊசி ஒன்று பின்னாளில் பழிக்கு ஆளான கதை 1976ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் வகை ஃபுளூ தென்பட்டது. 1918இன் கொள்ளைநோய் திரும்பிவிடும் என்று அஞ்சி நாடு முழுவதற்கும் ஊசி போடத் தொடங்கினார்கள். நான்கு கோடிக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவில்லை. குய்லன்–பாரே என்ற நரம்பு நோய், ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2009 ஃபுளூ பெருந்தொற்றின்போது ஐரோப்பாவில் போடப்பட்ட பாண்டம்ரிக்ஸ் தடுப்பூசிக்கும் இப்படி ஒரு நிழல் உண்டு: மறு ஆண்டு பின்லாந்திலும் சுவீடனிலும் அதைப் போட்ட சிறார் சிலருக்கு, பகலிலேயே கட்டுப்பாடின்றித் தூக்கத்தில் விழும் நார்கோலெப்சி கண்டறியப்பட்டது. இவை கட்டுக்கதைகள் அல்ல. பல்லாயிரம் பேரிடம் செய்யும் சோதனையில் லட்சத்தில் ஒன்றாக வரும் தீங்கு தெரியாது. கோடிக்கணக்கானோர் போட்ட பிறகே அது வெளிப்படும். ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசியின் ரத்த உறைவுச் சிக்கலும் 2021 மார்ச்சில் அப்படித்தான் வெளிப்பட்டது. ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை தொடர்பு இருக்கக்கூடும் என்று ஏற்றுக்கொண்டது. பிரிட்டன் இளவயதினருக்கு வேறு ஊசி கொடுத்தது. டென்மார்க் அதையே விட்டுவிட்டது. ஒரே தரவைப் பார்த்து நாடுகள் வெவ்வேறு முடிவெடுத்ததற்குக் காரணம் உண்டு. நோய் குறைந்து, மாற்று ஊசியும் கையிருப்பில் இருக்கும் நாட்டுக்கு ஒரு கணக்கு. நோய் கொழுந்துவிட்டெரியும் நாட்டுக்கு வேறு கணக்கு. செய்தியாக ஊருக்குள் வந்தபோது காரணம் உதிர்ந்துபோய், ‘அங்கே தடை பண்ணிட்டாங்களாம்’ என்பது மட்டும் மிஞ்சியது.

உண்மையான தீங்கைவிட உடன்நிகழ்வு செய்த கேடு பெரிது. 1976 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் ஒரே நாளில் இறந்தார்கள். ஊசி காரணமல்ல என்று தெரியவரும் முன்பே பல மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தி வைத்தன. தமிழ்நாட்டில் இதற்கு இணையான நிகழ்ச்சி 2021 ஏப்ரலில் நடந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குச் சென்று, மக்களின் பயம் போகட்டும் என்றே செய்தியாளர் முன்னிலையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தது என்றும் ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். பக்கவிளைவுகளை ஆராயும் தேசியக் குழு அதே முடிவுக்கு வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. மரக்கன்று நட்டுத் திரிந்த, எல்லாருக்கும் பிடித்த ஒரு மனிதர், ஊசி போட்ட மறுநாளே சாய்ந்தார் என்ற காட்சிக்கு முன்னால் ரத்தக்குழாய் அடைப்பு பற்றிய விளக்கம் எடுபடவில்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஆறேழு பேர் இறக்கிறார்கள். அப்படியென்றால் பத்து லட்சம் பேர் கொண்ட எந்தத் திரளிலும் ஒரு நாளைக்குப் பதினாறு முதல் இருபது பேர் இறப்பார்கள், ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். முதியவர்களையும் நோயுள்ளவர்களையும் முதலில் அழைத்து ஊசி போட்டால் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். ஊசிக்குப் பிந்தைய மரணங்கள் நேருவது உறுதி. எனவே கேட்க வேண்டியது, அவை வழக்கத்தைவிடக் கூடினவா என்பதைத்தான். இந்தக் கணக்கைப் புள்ளியியல் படித்தவர் போடலாம். தெருவில் ஒரு சாவைப் பார்த்தவரால் அப்படி எளிதில் போட முடிவதில்லை.

இத்துடன் மனத்தின் ஓர் ஓரவஞ்சனையும் சேர்கிறது. தானாக வந்த நோயால் சாவதைவிட, தானே கையை நீட்டிப் போட்டுக்கொண்ட ஊசியால் சாவது பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது. செய்யாமல் விட்டதன் விளைவைவிடச் செய்ததன் விளைவுக்கே மனம் அதிகம் வருந்தும் என்று உளவியலாளர்கள் சோதனைகள் மூலம் காட்டியிருக்கிறார்கள். தமிழில் இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை: வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன் என்பது பழைய வழக்கு. கொரோனாவோ வேலியோரம் போய்க்கொண்டிருந்த ஓணானாக இருக்கவில்லை. தெரு காலியாக இருந்த ஊர்களில் மட்டும் அப்படித் தெரிந்தது.

கொடுப்பவர் யார்

ஊசியின் உள்ளடக்கத்தைச் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பவர் யாரும் இல்லை. மருந்துக் குப்பிக்குள் இருப்பதை யாராலும் பார்க்க முடியாது. அதை நீட்டும் கையைப் பார்க்கலாம். ஆகையால் தடுப்பூசி பற்றிய ஐயம் பெரும்பகுதி, அதைத் தரும் அரசு, நிறுவனம், மருத்துவர் ஆகியோரைப் பற்றிய ஐயமே. இந்தக் கோணத்தில் பார்க்கும்போது மூடத்தனம் என்று ஒதுக்கப்பட்ட பல மறுப்புகளுக்குப் பின்னால் ஒரு நினைவு இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் கொரோனா ஊசி பற்றிய தயக்கம் தொடக்கத்தில் மிகுதியாக இருந்ததற்கு டஸ்கீகி ஆய்வைக் காரணம் காட்டுவார்கள். அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமலே அரசு சுகாதாரத் துறை கவனித்து வந்தது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003இல் போலியோ சொட்டு மருந்தை ஏறக்குறைய ஓராண்டு நிறுத்தி வைத்தது. அதே கானோவில் 1996இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் குழந்தைகளிடம் ட்ரோவன் என்ற புதிய மருந்தைச் சோதித்து வழக்கில் சிக்கியிருந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவிலிருந்து தருவித்த மருந்தை ஏற்பதாகச் சொல்லித்தான் கானோ இறங்கிவந்தது. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், பின்லேடனைத் தேடுவதற்காக சி.ஐ.ஏ. மஞ்சள்காமாலை ஊசி முகாம் ஒன்றை நடத்தியது. ஊசி போட வருபவர் உளவாளி என்று பேசுவோரைப் பார்த்து அதன் பிறகு அந்நாட்டில் எளிதாகச் சிரித்துவிட முடியவில்லை.

இந்தியாவின் பழைய கணக்கு கொள்ளைநோயிலிருந்தே தொடங்குகிறது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த விஞ்ஞானி வால்டெமர் ஹாஃப்கின் அதற்குத் தடுப்பூசி செய்து, 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அவ்வேளையில் புனேயில் அரசு நடத்திய பிளேக் ஒழிப்பு வேறு விதமாக இருந்தது: சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தார்கள், பெண்களைத் தெருவில் நிறுத்தினார்கள். அதற்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.சி. ராண்ட் ஜூன் 22 அன்று சுடப்பட்டார். அதே அரசு நீட்டிய ஊசியை மக்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். 1902இல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் பிளேக் ஊசி போட்டவர்களில் 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே புட்டியிலிருந்து ஊசி போடப்பட்டிருந்தது. பழி ஹாஃப்கின் மீது விழுந்தது; அவர் பதவி இழந்தார். புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகத் தூய்மை செய்யாததே காரணமாக இருக்கும் என்ற வாதம் மெல்ல மேலோங்கி, 1907இல்தான் அவர்மீதான பழி நீங்கியது. ஊசி குற்றமற்றது, ஊசி போட்ட முறை குற்றமுடையது என்ற பிரிவினை ஊர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

தமிழ்நாட்டிலும் இத்தகைய நினைவுகள் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துக்கே சென்று ஊசி போடுவதை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மட்டும் அதை மாற்றியது. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றமே தொலைவில் உள்ள குடும்பங்களுக்குத் தடையாகவும் ஆனது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஆய்வுத் திட்டத்தில் 7 சிறுமிகள் இறந்தார்கள். மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணை சொன்னது. ஆனால் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சாடியது இந்தச் சம்மத முறைகேட்டைத்தான்.

இந்த வரிசையில் படித்தவர்களின் எதிர்ப்புக்கு நல்ல சான்று ராஜாஜி. 1954 வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர், 1955இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசித் திட்டத்தை எதிர்த்து எழுதிச் சிறு நூலே வெளியிட்டார். நோயில்லாத குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதற்கு அரசுக்குப் போதிய சான்று இருக்கிறதா என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தச் சான்றைத் தேடிய உலகின் மிகப் பெரிய சோதனைகளுள் ஒன்று 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அதன் முடிவு பத்தாண்டு கழித்துச் சொன்னது. இதைக் கொண்டு ராஜாஜி வென்றார் என்று எழுதுவோர் உண்டு. அது அவசர முடிவு. பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக் காசநோயை அந்த ஊசி தடுக்கிறது. அதனால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. சான்று கேட்பது வேறு, சான்று வரும் முன்பே முடிவு சொல்வது வேறு. பெருந்தொற்றின்போது இரு தரப்பும் இரண்டாவதையே அதிகம் செய்தன.

அம்மனும் கன்றுக்குட்டியும்

அம்மை வந்தவரை நோயாளி என்று தமிழர் சொன்னதில்லை. வீட்டுக்கு அம்மன் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வேப்பிலை கட்டி, தாளிப்பை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை மரியாதையாக வைத்து அனுப்புவார்கள். 1802இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்குள் வந்த ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பு முறை இந்த உறவின் குறுக்கே புகுந்தது. தொடக்க காலத்தில் ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை அடுத்த குழந்தையின் கையில் கீறி வைத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளையின் நீர் யார் வீட்டுப் பிள்ளைக்குள் போகிறது என்பது சாதிக் கேள்வியாகிவிட்டது. சென்னையின் கலெக்டரும் தமிழறிஞருமான எஃப்.டபிள்யூ. எல்லிஸ், பசுவின் அம்மைப்பாலுக்குத் தெய்வ ஒப்புதல் உண்டு என்று காட்டும் கதை ஒன்றைத் தானே எழுதினார். நல்ல நோக்கத்துக்குச் செய்த பொய் என்றாலும் பொய்தான்; அது பெரிதாக உதவியதாகவும் தெரியவில்லை. பின்னர் கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையத்தின் முதல் பணி அதுவே. கையிலிருந்து கைக்கு மாற்றும் சிக்கல் போய், பசுவைப் பற்றிய சிக்கல் வந்தது.

2021 ஜூனில் கோவாக்சினில் கன்றின் ரத்தநீர் இருக்கிறது என்ற பேச்சு எழுந்தபோது அந்தப் பழைய சிக்கல் திரும்பவும் வந்தது. வைரஸை வளர்க்கும் செல்களுக்கு ஊட்டமாக அது பயன்படுகிறது, கழுவி நீக்கப்பட்ட பின் ஊசியில் எதுவும் மிஞ்சாது என்று அரசு விளக்கியது. இந்தோனேசியாவில் கேள்வி பன்றியைப் பற்றியது. அந்நாட்டு உலமா சபை 2021 ஜனவரியில் சினோவாக் ஊசியை ஹலால் என்று அறிவித்த பிறகே போடத் தொடங்கினார்கள். சமயத் தலைவரைக் கலந்துகொள்வதை அறிவியலுக்கு இழுக்கு என்று நினைக்காத நாடுகளில் இவ்வகை ஐயம் விரைவாகத் தீர்ந்தது.

உணவு சார்ந்த நம்பிக்கைகள் அறிக்கைகளில் அதிகம் இடம்பெறாதவை. ஆனால் எண்ணிக்கையில் பெரியவை. ஊசி போட்டால் சில நாள் கறி சாப்பிடக் கூடாது, மது தொடக் கூடாது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் பரவலாக இருந்தது. 2021 செப்டம்பர் 12, ஞாயிறு அன்று நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் கூட்டம் இளைத்தது. கறிக்கும் மதுவுக்கும் உரிய நாளை ஊசிக்குக் கொடுக்க மனம் வரவில்லை என்று கண்டுகொண்ட அரசு, அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. மருத்துவக் காரணமே இல்லாத ஒரு நம்பிக்கையோடு வாதாடாமல் நாளை மாற்றியது, அந்த ஆண்டு எடுக்கப்பட்ட கூர்மையான முடிவுகளுள் ஒன்று.

ஊசிக்கு ஐயுறும் மனம் கஷாயத்துக்கு ஐயுறுவதில்லை. இலங்கையின் கேகாலையில் 2020 டிசம்பரில், காளி அருளால் கிடைத்த மருந்து என்று ஒருவர் கொடுத்த மூலிகைப் பாகை வாங்க ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்த சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது. தெரிந்த மூலிகை, வாய்வழி, கொடுப்பவர் ஊர்க்காரர் என்ற மூன்றும் சேரும்போது சோதனை முடிவு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

வதந்தியின் இடம்

தயக்கத்துக்கு வாட்ஸ்அப்பே காரணம் என்பது வசதியான விளக்கம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடப்பட்டபோதே அதன் வலிமை தெரிந்தது: குரல் பதிவுகள் சுற்றின, பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப அஞ்சினார்கள். 2021 மே மாதம், ஊசி போட்டவர்கள் இரண்டே ஆண்டில் இறந்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு பெற்ற லூக் மோன்டாக்னியே சொன்னதாக ஒரு செய்தி பரவியது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மலட்டுத்தன்மை வரும் என்பது உலகம் முழுவதும் சுற்றிய இன்னொன்று. ஆனால் எந்த வதந்தியும் வெற்று நிலத்தில் முளைப்பதில்லை. கருத்தரித்த பெண்களை முதல் சோதனைகளில் சேர்க்கவில்லை. இந்தியாவில் அவர்களுக்கு அனுமதி வந்தது 2021 ஜூலை 2 அன்று. அதுவரை மருத்துவர்களே வேண்டாம் என்று சொல்லிவந்த இடத்தை வதந்தி நிரப்பியது. கோவிஷீல்டின் இரு டோஸ்களுக்கு இடைவெளி முதலில் 4 முதல் 6 வாரம், மார்ச்சில் 6 முதல் 8, மே மாதம் 12 முதல் 16 என்று மாறியது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் கூடும் என்பதற்குச் சான்று இருந்தது. தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது அறிவித்ததால், சரக்கு இல்லாமல் சாக்குச் சொல்கிறார்கள் என்றே மக்கள் புரிந்துகொண்டார்கள்.

தயக்கம் என்று பதிவானவற்றில் ஒரு பகுதி தயக்கமே அல்ல. குப்பியைத் திறந்தால் 10 பேருக்கு நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதால், ஆள் சேரும்வரை திறக்காமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 18 முதல் 44 வயதுள்ளவர்களுக்குக் அரசின் கோவின் இணையதளத்தில் பதிவு கட்டாயமாக இருந்தது. தளம் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. செல்போன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. தினக்கூலிக்காரருக்கு ஊசி இலவசம். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் இலவசமில்லை, இரண்டு நாள் கூலி போகும். சென்னையை அடுத்த கோவளத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பிரியாணியும் குலுக்கல் பரிசும் அறிவித்ததும் மீனவக் குடும்பங்கள் வரத் தொடங்கின என்றால், அங்கே கொள்கைச் சிக்கல் எதுவும் இல்லை என்றுதான் பொருள்.

கட்டாயப்படுத்துவது தயக்கத்தை எல்லா இடத்திலும் தீர்த்ததில்லை. இங்கிலாந்து 1853இல் குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பைக் கட்டாயமாக்கியது. அபராதமும் சிறையும் எதிர்ப்பை அமைப்பாக்கின. 1885இல் லெஸ்டர் நகரில் பெருந்திரள் ஊர்வலம் நடந்தது. 1898இல் மனச்சான்றின் பேரில் விலக்குப் பெற வழி செய்த பிறகே அனல் தணிந்தது. இந்தியாவில் சட்டப்படி ஊசி விருப்பத்துக்குரியதாகவே இருந்தது. கடைக்கும் திரையரங்குக்கும் போகச் சான்றிதழ் கேட்டதால் நடைமுறையில் பாதி கட்டாயமானது. எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, ஆனால் பொதுநலனுக்காக அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொற்று குறைந்திருக்கும்வரை போடாதவர்களைத் தடுக்கும் விதிகளை விலக்கிக்கொள்ளுமாறும், பக்கவிளைவு பற்றிய தரவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடுமாறும் அத்தீர்ப்பு கூறியது.

தீர்ப்பு வந்தபோது தயக்கத்தின் நிறமே மாறியிருந்தது. 2022 ஏப்ரலில் 18 வயதைக் கடந்த அனைவருக்கும் மூன்றாம் டோஸ் திறந்துவிடப்பட்டது. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் போட்டுக்கொள்ள ஆள் வரவில்லை; ஜூலை 15 முதல் 75 நாள் இலவசம் என்று அறிவித்தும் முதல் இரு டோஸ்களுக்கு நின்ற வரிசை திரும்பவில்லை. அந்நேரம் புதிய வதந்தி எதுவும் இல்லை, ஊசியும் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது, கோடிக்கணக்கானோர் போட்டு நலமாக இருந்த சாட்சியும் இருந்தது. ஓமிக்ரான் என்ற கொரோனா வகை சளிபோல் வந்துபோனதால் மருத்துவமனைகள் மட்டும் காலியாக இருந்தன.